செவ்வாய், பதினொன்று முதல் பதினொன்று நாற்பது

கல்லூரி மூட இன்னும் மூன்று நாள்.
வெருலம் சரிவில் கரும்பு கொளுத்திய சாம்பல்
கணினிக் கூடத்து ஜன்னலில் வந்து ஒட்டுகிறது.
துடைக்கிறேன். மறுபடி ஒட்டுகிறது.

நான் ஆசிரியை இல்லை.
சாவியும் ஒயர்களும்தான் என் பொறுப்பு.
கணக்குப்பதிவியல் எடுக்கும் மிஸ்டர் படையாச்சி
"நீயே பழக்கிவிடு லோஷ்னி,
எனக்குக் கரும்பலகை போதும்" என்று
காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யாரிடமும் முகவரி கேட்கவில்லை.
மின்வெட்டு அட்டவணையில்
உன் வீடு எந்த பிளாக் என்றுதான் கேட்டேன்.
முப்பத்தொரு பேர், ஒன்பது பிளாக்.
காலண்டரின் முதுகில் கட்டம் போட்டு
இருட்டையெல்லாம் பென்சிலால் அடைத்தேன்.
அடைத்து முடித்தபோது
ஒரு வாரத்தில் மிச்சமிருந்தது ஒரு சந்து:
செவ்வாய், பதினொன்று முதல் பதினொன்று நாற்பது.
அதற்குள் ஒரு பருவத்தைத் திணிக்க வேண்டும்.

கெர்வினிடம் ஃபோன் உண்டு, திரை பாதி செத்தது.
பற்று தெரியும். வரவு தெரியாது.
பிரெனேஷா வீட்டில் மடிக்கணினி ஒன்று,
படிக்கிறவர்கள் மூன்று பேர்.
தாண்டோவுக்கு அதிகாலை நாலு மணிக்கு பேக்கரி;
நள்ளிரவு தாண்டினால் டேட்டா மலிவு,
பாடத்தை அப்போது இறக்கிக்கொள்வானாம்,
நடுவில் எதற்குத் தூக்கம் என்கிறான்.
நோக்வாண்டாவுக்கு ந்த்வெத்வே மலை.
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்
இரண்டு கோடு சிக்னல்.
மழை வந்தால்?
"குடை இருக்கு மேம்."

வெள்ளிக்கிழமை ஒத்திகை.
ஒரே கட்டடத்துக்குள் தொலைவை எப்படிச் செய்வது?
ஆளுக்கொரு மூலைக்கு விரட்டினேன்:
படிக்கட்டு, ஸ்டோர் ரூம், சைக்கிள் கொட்டகை.
திருஷென் ஆண்கள் கழிப்பறையைக் கேட்டு வாங்கினான்,
எதிரொலி நன்றாயிருக்குமாம்.
இப்போது நீங்கள் எல்லாரும் வீட்டில் இருக்கிறீர்கள்.
மைக்கை அணையுங்கள்.
பேர் கூப்பிடும்போது மட்டும் திறந்தால் போதும்.

"இருக்கேன் மேம்."
முதலில் சுவர் வழியாக வந்தது.
ஒன்றரை நொடி கழித்து
அதே குரல்,
கஞ்சி போட்ட துணிபோல் விறைத்து,
ஃபோன் வழியாக வந்தது.
பதின்மூன்று பேர் இரண்டிரண்டு முறை இருந்தார்கள்.

பதினாலாவது பேரில் மின்சாரம் போயிற்று.
அட்டவணையில் இல்லாத வெட்டு.
வைஃபை பெட்டியின் பச்சைக் கண் மூடியது.
நான் நிறுத்தவில்லை, கூப்பிட்டுக்கொண்டே போனேன்.
மிச்சப் பதினெட்டுப் பேரையும் சுவர் தந்தது.
"மேம், மியூட்டை எடுங்க, ஒண்ணும் கேக்கல!"
கழிப்பறைக்குள்ளிருந்து திருஷென் கத்த,
சிரிப்பு படிக்கட்டு படிக்கட்டாய் இறங்கி வந்தது.
என் காலண்டரில் அதற்குக் கட்டம் போட்டிருக்கவில்லை.

போகும்போது ஆளுக்கொரு தாள்.
படம் வேண்டாம், குரல் போதும், டேட்டா மிஞ்சும்.
துண்டித்துப் போனால் பதறாதே, திரும்பி வா.
சார்ஜ் ஏற்றாமல் படுக்காதே.
கடைசியில் ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன்.
நகல் இயந்திரம்
அடித்ததையும் முப்பத்தொரு முறை எடுத்திருந்தது.

செவ்வாய்.
சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமென்று
எனக்கு மட்டும் அனுமதிச்சீட்டு.
வாசல் வேப்பமரத்தில் குரங்குகள்,
விரட்ட ஆளில்லாத தைரியத்தில்.
திரையில் பத்தொன்பது வட்டங்கள்,
நடுவில் ஒற்றை எழுத்து.
மிஸ்டர் படையாச்சி
தன் வீட்டுக் கூரையைக் காட்டிக்கொண்டே
தேய்மானம் நடத்துகிறார்.

பதினொன்று பதினேழுக்கு இருபதாவது வட்டம்.
காற்று. ஒரு சேவல்.
பிளாஸ்டிக் தொட்டியில் குதிகால் தட்டும் ஓசை.
"மேம், கேக்குதா?"

காலிக் கூடத்தில் நான்
முதலில் சுவரைத்தான் பார்த்தேன்.